பவர்லைன் அடாப்டர்ல நெட்டை ரெண்டு ரூமுக்கு பிரிச்சோம், தம்பி டவுன்லோடு போட்டா என் மீட்டிங் நின்னுடுது

மாடி_ரூம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட போராடிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க. எங்க வீட்ல ஃபைபர் கனெக்‌ஷன், 200 எம்பிபிஎஸ் பிளான், ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கு. நானும் தம்பியும் மாடில ஆளுக்கு ஒரு ரூம். நடுவுல கான்கிரீட் தளம், அதனால வைஃபை மேல வர்றப்பவே ஒரு புள்ளி தான் காட்டும், கதவை சாத்தினா அதுவும் போயிடும். சுவர்ல ஓட்டை போட்டு கேபிள் இழுக்க வீட்ல இப்போதைக்கு ஒத்துக்கல. அதான் வீட்டு கரண்ட் வயர் வழியாவே நெட்டை அனுப்பற பவர்லைன் அடாப்டர் மூணு வாங்கினோம், ஒண்ணு ரவுட்டர் பக்கத்துல, ஒண்ணு என் ரூம்ல, ஒண்ணு தம்பி ரூம்ல. பெட்டில 1000 எம்பிபிஎஸ்னு பெருசா போட்டிருக்கு.

இப்ப நடக்கறது என்னன்னா, ரவுட்டர்ல நேரா கேபிள் சொருகி லேப்டாப்ல டெஸ்ட் பண்ணா 190க்கு மேல வருது. என் ரூம்ல அதே டெஸ்ட் போட்டா 40, 45 தான். சரி அது கூட போதும்னு வெச்சுக்கலாம், ஆனா தம்பி ஏதாவது பெரிய கேம் டவுன்லோடு போட்டான்னா எனக்கு 5 கூட வர்றதில்ல, வீடியோ மீட்டிங்ல என் குரல் உடைஞ்சு உடைஞ்சு போகுது, ரெண்டு தடவை லைனே கட் ஆயிடுச்சு. வீட்லேர்ந்து வேலை பாக்கறவன் நான், இது எனக்கு பெரிய பிரச்சனை. அவன்கிட்ட ராத்திரி மட்டும் டவுன்லோடு பண்ணுடான்னு சொல்லி சண்டை வேற.

என் கேள்வி: மூணு அடாப்டர் இருந்தா வேகம் சமமா பிரியுமா இல்ல முதல்ல கேக்கறவனுக்கே எல்லாம் போயிடுமா? அடாப்டர்லயே ஆளுக்கு இவ்வளவுன்னு கட்ட முடியுமா? 2000ன்னு போட்ட கிட் வாங்கினா சரியாயிடுமா? இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்காரங்க இதே மாதிரி அடாப்டர் மாட்டினா நம்ம நெட்டுக்குள்ள வர முடியுமா?

---

நெட்_கோபால்புரம்_இல்ல:

ப்ரோ ரவுட்டர் செட்டிங்ல க்யூஓஎஸ்னு ஒண்ணு இருக்கும், யாருக்கு முன்னுரிமைன்னு நெட்டை பிரிச்சு குடுக்கற வசதி, அதை ஆன் பண்ணி மொத்த ஸ்பீடு 180ன்னு குடுத்துட்டு உங்க லேப்டாப்பை மேல வெச்சுடுங்க, வேலை முடிஞ்சது. எங்க வீட்ல நாலு பேர், எல்லாருக்கும் இதான் பண்ணேன், மீட்டிங் ஒரு தடவை கூட உடையல.

---

கம்பிவழி:

மேல சொன்னவர் வீட்ல அது வேலை செஞ்சிருக்கும், நான் நம்பறேன், ஆனா அவர் வீட்ல எல்லாரும் ரவுட்டர்லேர்ந்து நேரா எடுக்கறாங்க போல. உங்க விஷயம் வேற. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா இதுல எங்க அடைப்புன்னு புரிஞ்சுக்காம எந்த பட்டனை அழுத்தினாலும் பலன் இருக்காது.

முதல்ல அந்த 1000. அது கம்பில ஓடற சிக்னலோட கச்சா வேகம், பிழை திருத்தம், ஹெடர், காத்திருப்பு எல்லாம் சேர்த்து லேப்ல எட்டற உச்சக்கட்ட கணக்கு. அதுலயும் போற திசை வர்ற திசை ரெண்டும் ஒரே கம்பி, ஒருத்தர் பேசும்போது மத்தவங்க எல்லாம் வாயை மூடிட்டு இருக்கணும். அதனால நிஜ வீட்டு வயரிங்ல அதுல கால் பங்கு கிடைச்சாலே நல்ல வீடுன்னு வெச்சுக்குங்க. சில மாடல்ல 500, 600ன்னு பேர் போட்டிருப்பாங்க ஆனா கேபிள் சொருகற போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட்டா இருக்கும், அங்க 95க்கு மேல எந்த ஜென்மத்துலயும் வராது. உங்களது 1000 வகைன்னா பெரும்பாலும் கிகாபிட் போர்ட் தான், ஆனாலும் ஒரு தடவை பாத்துடுங்க.

இப்ப பிரிக்கறதுக்கு வர்றேன். மூணு அடாப்டரும் ஒரே கம்பியை பகிர்ந்துக்குது, ஸ்விட்ச் மாதிரி ஆளுக்கு ஒரு தனி பாதை இல்ல. டவுன்லோடுன்னு பாத்தா உங்களுக்கும் தம்பிக்கும் அனுப்பறது ரவுட்டர் பக்கத்துல இருக்கற அதே ஒரு அடாப்டர் தான். உதாரணத்துக்கு உங்க ரூம் லிங்க் 45, தம்பி ரூம் லிங்க் 140ன்னு வெச்சுக்குவோம். 100 மெகாபிட் டேட்டா உங்களுக்கு அனுப்ப 2.2 செகண்ட் கம்பி பிஸியா இருக்கும், அதே அளவு தம்பிக்கு 0.7 செகண்ட் தான். ரெண்டு பேரும் சம அளவு எடுத்தா மொத்தம் சேர்த்து 68 கிட்ட தான் வரும். அதாவது மெதுவான லிங்க் ஒண்ணு இருந்தா அது வேகமான லிங்க்கையும் சேத்து இழுக்கும். உங்க ரூம் லிங்க்கை சரி பண்ணா தம்பிக்கும் லாபம், அவன்கிட்ட சொல்லுங்க.

அடுத்தது, 45 இருக்க வேண்டியது ஏன் 5 ஆகுது? கேம் டவுன்லோடர் ஒரே நேரத்துல பல கனெக்‌ஷன் திறக்கும், உங்க மீட்டிங் ஒண்ணு ரெண்டு தான். ரவுட்டர்லேர்ந்து 190 வேகத்துல தண்ணி மாதிரி கொட்டுது, அடாப்டரால வெளிய தள்ள முடியறது 70 தான், மிச்சம் எல்லாம் அடாப்டருக்குள்ள வரிசைல நிக்குது. உங்க மீட்டிங் பாக்கெட், அதாவது சின்ன டேட்டா துண்டு, அந்த வரிசையோட வாலுக்கு போய் நிக்கணும். வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும், அதுக்கு தாங்க முடியாதது இந்த காத்திருப்பு தான். அதனால தான் ரவுட்டர்ல 180ன்னு குடுத்தா பிரயோஜனம் இல்லன்னு சொன்னேன், 180 கேட்ல நெரிசலே இல்ல, நெரிசல் அதுக்கு அடுத்து இருக்கற 70 கேட்ல. வரிசை எங்க சேருதோ அங்க தான் ஒழுங்கு படுத்தணும். வீட்டு அடாப்டர்கள்ல ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டற வசதியை எதிர்பாக்காதீங்க, சிலதுல முன்னுரிமை மட்டும் இருக்கும்.

அளக்காம எதுவும் வாங்காதீங்க. ரவுட்டர்ல கேபிள்ல ஒரு கம்ப்யூட்டர், உங்க ரூம் அடாப்டர்ல ஒரு கம்ப்யூட்டர், ரெண்டுலயும் ஐபெர்ஃப் 3ன்னு வேகம் அளக்கற சாஃப்ட்வேர் போட்டு ஒண்ணை சர்வரா வெச்சு டெஸ்ட் பண்ணுங்க. அது இன்டர்நெட்டை தொடாது, கம்பியோட திறனை மட்டும் சொல்லும். உங்க ரூம் தனியா, தம்பி ரூம் தனியா, அப்புறம் ரெண்டும் ஒரே நேரத்துல, மூணு நம்பர் எடுத்துட்டு வாங்க. கூடவே டெஸ்ட் ஓடும்போது ரவுட்டருக்கு பிங், அதாவது ஒரு பாக்கெட் போயிட்டு திரும்பி வர்ற நேரம், எவ்வளவு ஏறுதுன்னும் பாருங்க. இன்னொரு முக்கியமான கேள்வி, உங்க ரூம்ல அடாப்டர் எதுல சொருகியிருக்கு? சுவர்லயா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயா?

---

மாடி_ரூம்:

இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு ரொம்ப நன்றிண்ணா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தான், ஸ்பைக் பஸ்டர் வெச்சது, டேபிள் கிட்ட சுவர்ல ஒரே பிளக் பாயின்ட் தான் இருக்கு அதனால லேப்டாப் சார்ஜர், மானிட்டர், மொபைல் சார்ஜர், அடாப்டர் எல்லாம் அதுலயே. தம்பி ரூம்ல சுவர்ல நேரா இருக்கு. டெஸ்ட் ராத்திரி போட்டு சொல்றேன்.

---

சிற்றலை_கேட்பவன்:

அந்த ஸ்பைக் பஸ்டர் தான்ப்பா முதல் குற்றவாளி. நான் முப்பது வருஷமா சிற்றலை ரேடியோ கேக்கறவன், கரண்ட் வயர்ல ஓடற இரைச்சலோட வாழ்ந்தவன், அதனால சொல்றேன். பவர்லைன் சிக்னல் ஓடறது 2 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து, ஹோம்பிளக்ங்கற பவர்லைன் தரத்துல பழைய ஏவி வகை 28 வரைக்கும், ஏவி2 வந்தப்புறம் 86 வரைக்கும் போகும். ஸ்பைக் பஸ்டருக்குள்ள இருக்கற ஃபில்டரோட வேலையே 50, 60 ஹெர்ட்ஸ் கரண்ட்டை மட்டும் விட்டுட்டு மேல இருக்கற அதிர்வெண்ணை எல்லாம் தடுக்கறது. அதாவது உங்க டேட்டாவை தான் அது குப்பைன்னு நினைச்சு வடிகட்டிட்டு இருக்கு. யூபிஎஸ்ல சொருகினாலும் இதே கதி தான், சிலதுல சிக்னல் அந்தப் பக்கம் போகவே போகாது.

ஃபில்டர் இல்லாத சாதா எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் பக்கத்துலயே சார்ஜர் இருக்கக்கூடாது. மொபைல் சார்ஜர், எல்ஈடி பல்பு டிரைவர் இதெல்லாம் உள்ள வேகமா ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கற சர்க்யூட், தரம் குறைஞ்சதா இருந்தா அதோட இரைச்சல் நேரா வயருக்குள்ள வரும், அதுவும் அடாப்டருக்கு ஒரு அடி தூரத்துல இருந்தா காதுகிட்ட கத்தற மாதிரி. டிம்மர், மிக்ஸி, ட்ரில்லிங் மெஷின் மாதிரி கார்பன் பிரஷ் மோட்டார் இதெல்லாம் ஓடும்போது மட்டும் வேகம் குறையும். அடாப்டர் ஒண்ணும் முட்டாள் இல்ல, நூத்துக்கணக்கான சின்ன சின்ன அலைவரிசையா பிரிச்சு எதுல இரைச்சல் கம்மியோ அதுல நிறைய டேட்டா, எதுல அதிகமோ அதுல கொஞ்சமா இல்லன்னா விட்டுடும், ஏசி கரண்ட்டோட ஒவ்வொரு சுழற்சிக்குள்ளயும் எந்த நேரத்துல இரைச்சல் வருதுன்னு கூட பாத்து மாத்திக்கும். ஆனா எல்லா இடத்துலயும் சத்தமா இருந்தா அது தான் என்ன பண்ணும்.

சுவர்ல இருக்கற ஒரே பாயின்ட்ல அடாப்டரை சொருகிட்டு, அந்த அடாப்டர் முகத்துலயே சாக்கெட் இருக்கற மாடலா இருந்தா ஸ்பைக் பஸ்டரை அதுல சொருகுங்க. அந்த சாக்கெட்டுக்குள்ள ஃபில்டர் வெச்சிருப்பாங்க, உங்க சார்ஜர் இரைச்சல் வயருக்கு வராம அதுவே தடுத்துடும். சாக்கெட் இல்லாத மாடல்னா எலக்ட்ரீஷியனை வெச்சு இன்னொரு பாயின்ட் எடுத்துக்குங்க.

எர்த் சரியா இருக்கான்னும் பாருங்க. ஏவி2 மீமோ வகை அடாப்டர் ஃபேஸ், நியூட்ரல் ஜோடியோட எர்த் கம்பியையும் ரெண்டாவது பாதையா எடுத்துக்கும், எர்த் இல்லன்னா ஒரே பாதைக்கு இறங்கிடும். நெட்டை விடுங்க, எர்த் இல்லாத சாக்கெட் உயிருக்கே ஆபத்து, அதுக்காகவாவது உடனே பாக்கணும்.

அப்புறம் எனக்காக ஒரு வார்த்தை. இந்த அதிர்வெண்கள்ல தான் சிற்றலை ஒலிபரப்பும் அமெச்சூர் ரேடியோவும் இருக்கு. அமெச்சூர் பேண்டுகளை விட்டு விலகி ஓடற மாதிரி ஹோம்பிளக்ல வெட்டு போட்டிருக்காங்க, நல்ல காரியம், ஆனா சிற்றலை ஒலிபரப்புக்கு அந்த பாதுகாப்பு இல்ல. பக்கத்துல யாராவது ரேடியோ கேக்கறவங்க வந்து இரைச்சலா இருக்குன்னு சொன்னா தயவுசெஞ்சு தட்டிக்கழிக்காதீங்க, அவங்க சொல்றது உண்மையா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு.

---

வாசல்_பூட்டு:

பக்கத்து வீட்டு கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே. மீட்டர் பெட்டியோட சிக்னல் நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, பலவீனமா ஆகும் அவ்வளவு தான், அடுக்குமாடில பக்கத்து வீடு வரைக்கும் போறது சகஜம். ஹோம்பிளக் ஏவி டேட்டாவை 128 பிட் ஏஈஎஸ்ங்கற குறியாக்கத்துல பூட்டி தான் அனுப்பும், ஆனா பெட்டிலேர்ந்து எடுத்தவுடனே எல்லா அடாப்டர்லயும் ஒரே பொது சாவி இருக்கலாம், அப்படி ரெண்டு வீட்டுக்காரங்களும் மாத்தாம விட்டா ரெண்டு வீடும் ஒரே நெட்வொர்க் ஆயிடும். அதனால அடாப்டர்ல ஜோடி சேர்க்கற பேர் (Pair) பட்டனை கட்டாயம் அழுத்துங்க. ஒண்ணுல அழுத்தி 2 நிமிஷத்துக்குள்ள இன்னொண்ணுல அழுத்தணும், புது சாவி தானா உருவாகும். மூணாவதை சேர்க்க, ஏற்கனவே சேர்ந்த ஒண்ணுல அழுத்திட்டு மூணாவதுல அழுத்துங்க.

சாவி தனித்தனியா இருந்தாலும் கம்பி ஒண்ணு தான்ங்கறதால பக்கத்து வீட்ல ஓடினா உங்க வேகத்துல கொஞ்சம் குறையலாம், அது வேற விஷயம்.

புது கிட் வாங்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. ஹோம்பிளக் ஒரு குடும்பம், ஜி.எச்.என் இன்னொரு குடும்பம், ஒண்ணோட ஒண்ணு பேசாது. ஒரே கம்பெனில கூட ரெண்டும் இருக்கும், டெவோலோவோட பழைய டிலேன் வரிசை ஹோம்பிளக், மேஜிக் வரிசை ஜி.எச்.என். உங்க மூணுல ஒண்ணை மட்டும் பெரிய நம்பருக்கு மாத்தலாம்னு நினைச்சு வேற குடும்பத்துல வாங்கிட்டீங்கன்னா அது தனியா நிக்கும்.

---

மாடி_ரூம்:

நம்பர் எடுத்துட்டேன். ஸ்பைக் பஸ்டர்ல இருந்தப்ப என் ரூம் 47, தம்பி ரூம் 138, ரெண்டும் ஒரே நேரத்துல ஓட்டினா மொத்தமே 70 கிட்ட, கம்பிவழி அண்ணா போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வந்தது பாத்து ஆச்சரியமா இருந்துச்சு. சும்மா இருக்கும்போது ரவுட்டருக்கு பிங் 4 மில்லிசெகண்ட், ரெண்டும் ஓடும்போது 350, 400. இது தான் என் மீட்டிங்கை கொன்னுட்டு இருந்திருக்கு.

அப்புறம் அடாப்டரை சுவர்ல சொருகினேன், முகத்துல சாக்கெட் இருக்கற மாடல் தான், ஸ்பைக் பஸ்டரை அதுல போட்டேன். வேற எதுவும் தொடல. என் ரூம் 112!! ரெண்டு வாரம் இதுக்காகவா தூக்கம் கெட்டேன்னு ஆயிடுச்சு. ரெண்டும் சேந்து ஓடினா இப்ப மொத்தம் 120 கிட்ட வருது. பேர் பட்டனும் மறுபடி அழுத்தி சாவி மாத்திட்டேன்.

ஆனா தம்பி டவுன்லோடு போட்டா பிங் இன்னும் 200க்கு மேல ஏறுது, குரல் உடையறது குறைஞ்சிருக்கு ஆனா நிக்கல. இதுக்கு என்ன பண்ணலாம்? என் ரவுட்டர்ல கம்பெனி சாஃப்ட்வேருக்கு பதிலா ஓப்பன் டபிள்யூஆர்டிங்கற இலவச சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்.

---

கம்பிவழி:

ஓப்பன் டபிள்யூஆர்டி இருக்கா, அப்ப நல்லா பண்ணலாம். வரிசையை ஒழுங்கு படுத்தற எஸ்க்யூஎம் பேக்கேஜ் போடுங்க, அதுல கேக்னு ஒரு வரிசை முறை வரும், லினக்ஸ் 4.19லேர்ந்தே கர்னலுக்குள்ள இருக்கறது தான். எல்லாரும் அதை இன்டர்நெட் உள்ள வர்ற வான் போர்ட்ல போடுவாங்க, நீங்க பவர்லைன் அடாப்டர் மாட்டியிருக்கற அந்த ஒரு லேன் போர்ட்ல போடணும், அங்கேர்ந்து வெளிய போற திசைல. வேகம் கம்பியால தாங்க முடியறதை விட கொஞ்சம் கம்மியா, இப்போதைக்கு 100 குடுத்து பாருங்க. அப்ப வரிசை அடாப்டருக்குள்ள சேராம ரவுட்டர்ல சேரும், ரவுட்டர்ல கேக் அதை ஒழுங்கா பங்கு போடும். டூவல் டெஸ்ட்ஹோஸ்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை போட்டா கனெக்‌ஷன் எண்ணிக்கையை பாக்காம ஆளுக்கு சமமா பிரிக்கும், தம்பி பல கனெக்‌ஷன் திறந்தாலும் அவன் ஒரு ஆள் தான். நீங்க சும்மா இருந்தா முழுசும் அவனுக்கே போகும், அதனால அவனுக்கும் நஷ்டமில்ல. முதல் கேள்வில ஆளுக்கு இவ்வளவுன்னு கட்ட முடியுமான்னு கேட்டீங்களே, கட்டறதை விட இது நல்லது.

பாக்கெட்டை சாஃப்ட்வேர் வழியா விடாம சிப்பே நேரா தள்ளிடற ஹார்டுவேர் ஆஃப்லோடிங் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா பாக்கெட் கேக் கண்ணுல படாமயே போயிடும். நீங்க அப்லோடு அதிகமா பண்ணா அது வேற பக்கத்து கதை, மேல இருக்கற அடாப்டர்ல வரிசை சேரும், ஆனா மீட்டிங் அளவுக்கு அது தொந்தரவு பண்ணாது.

கம்பியோட திறன் நாள் பூரா ஒரே மாதிரி இருக்காது. வீட்ல எல்லாம் ஓடற நேரத்துல ஒரு தடவை அளந்து, அந்த மோசமான நம்பருக்கு கீழ தான் கேக் வேகத்தை வைக்கணும். 100ன்னு வெச்சிட்டு கம்பி 80க்கு இறங்கிச்சுன்னா வரிசை பழையபடி அடாப்டருக்கே போயிடும்.

---

நெட்_கோபால்புரம்_இல்ல:

நான் முதல்ல சொன்னது உங்களுக்கு பொருந்தலன்னு இப்ப புரியுது, மன்னிச்சுக்குங்க. வரிசை எங்க சேருதோ அங்கன்னு சொன்னது எனக்கும் புதுசு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் மாடியை வாடகைக்கு விட்டு இதே மாதிரி பவர்லைன்ல நெட் குடுத்திருக்கான், அவனும் இப்படியே பண்ணலாமா?

---

வாசல்_பூட்டு:

வேகம் பிரிக்க இதே முறை ஓகே. ஆனா அடாப்டர் வெறும் நீளமான கேபிள் மாதிரி தான், குடியிருக்கறவங்களும் உங்க ஃப்ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருப்பாங்க, அவர் பிரின்டர், கேமரா எல்லாம் மேல இருக்கறவங்களுக்கு தெரியும். மேல தனியா ஒரு ரவுட்டர் வெச்சா போதும்னு பலபேர் நினைக்கறாங்க, அது தலைகீழ் பாதுகாப்பு, உள்ள இருக்கற ரவுட்டர்லேர்ந்து வெளி நெட்வொர்க்கை தாராளமா எட்டலாம், வெளிலேர்ந்து தான் உள்ள வர முடியாது. கீழ மெயின் ரவுட்டர்லயே அந்த போர்ட்டை தனி நெட்வொர்க்கா பிரிச்சு, இன்டர்நெட் மட்டும் போக விடணும். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வெளிய ஆளுங்களோட பகிர ஒப்பந்தம் அனுமதிக்குதான்னு இணைய கம்பெனி விதிகளை படிக்க சொல்லுங்க, நிறைய இடத்துல கூடாதுன்னு இருக்கும்.

---

மாடி_ரூம்:

கடைசி தகவல். கேக் போட்டு 100 வெச்சேன், தம்பி டவுன்லோடு ஓடும்போதே பிங் 15க்குள்ள நின்னுச்சு, மீட்டிங் ஒரு மணி நேரம் தெளிவா போச்சு. மறுநாள் காலைல மறுபடி உடைஞ்சுது, என்னடான்னு பாத்தா கீழ வாஷிங் மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. அது ஓடும்போது அளந்தேன், என் ரூம் 112லேர்ந்து 74க்கு இறங்குது. அதனால கேக்கை 65ல வெச்சுட்டேன், மூணு நாளாச்சு, ஒரு தடவை கூட உடையல. தம்பிக்கு டவுன்லோடு முன்ன விட கொஞ்சம் நேரம் ஆகுது, ஆனா பகல்லயும் போட்டுக்கலாம்ங்கறதால அவனும் சரின்னுட்டான். சிற்றலை ஐயா, எர்த்தும் பாத்தாச்சு, என் ரூம்ல சரியா இருக்கு, தம்பி ரூம் சாக்கெட்ல எர்த் கம்பி உள்ள கழண்டு கிடந்துச்சு, எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றார்.